கார்டீனியாவின் வாசம் போத்தலுக்குள் ஏன் வேறாக இருக்கிறது?

வெள்ளவத்தை வாசகி கேட்டது:

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் ஒரு சீமெந்துத் தொட்டியில் கார்டீனியாக் கன்று நிற்கிறது. பதினொரு வருடங்களுக்கு முன் அம்மா கண்டியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு சாண் தடியை நட்டு உண்டாக்கியது. இன்று என் தோளளவு உயர்ந்துவிட்டது. பூக்கும் நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பின் கதவைத் திறந்தால், விறாந்தையில் யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல வாசம் நிற்கும்.

சென்ற மாதம் கனடாவிலிருந்து வந்த அக்கா, இந்தக் கன்றின் மீது எனக்குள்ள பற்றை அறிந்து, பெட்டியில் கார்டீனியாப் பூவின் படம் போட்ட ஒரு சென்ற் போத்தலைக் கொண்டுவந்து தந்தார். பூசியவுடன் பச்சை மாங்காயின் காம்பை ஒடித்தது போன்ற ஒரு கூரிய பச்சை மணம் எழுந்தது. பத்து நிமிடம் போனதும் அது மல்லிகையாக மாறியது. அரை மணி நேரத்தில், தகரத்தில் அடைத்த பீச் பழத்தையும் தேங்காய்ப்பாலையும் ஒன்றாகக் காய்ச்சியது போன்ற இனிப்பு மட்டுமே மிஞ்சியது. என் தொட்டிப் பூவில், குறிப்பாக இரண்டாம் நாள் பூவில், மழை ஓய்ந்தபின் மக்கிய இலைகளுக்கு அடியிலிருந்து காளான் முளைக்கும் நேரத்து மணம் ஒன்று இருக்கிறது. எனக்கு அந்தப் பூவில் மிகவும் பிடித்ததே அதுதான். போத்தலில் அது துளியும் இல்லை.

அக்காவின் மனம் நோகக்கூடாது என்பதால் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: இது போலியா, அல்லது எல்லாக் கார்டீனியா சென்ற்றும் இப்படித்தானா? அசல் கார்டீனியா வாசம் கொழும்பில் எங்கேனும் வாங்கக் கிடைக்குமா?

கொட்டாஞ்சேனைத் தோட்டக்காரன் எழுதியது:

போத்தலைச் சந்தேகிப்பதற்கு முன் கன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கார்டீனியா என்று பெயர் சொல்லி விற்கப்படும் கன்றுகளில் எத்தனையோ, அடுக்கு நந்தியாவட்டையாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சிங்களத்தில் வத்துசுத்த என்பார்கள். இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டுக்கும் பளபளப்பான கரும்பச்சை இலை, இரண்டும் இரவில் மணக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். ஓர் இலையைக் காம்போடு ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது நந்தியாவட்டை. கார்டீனியாவில் பால் வராது. அது கோப்பியும் வெட்சியும் சேர்ந்த குடும்பம். அதன் இதழ் தடித்தது, விரல் பட்ட இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகும், வயதாக வயதாக வெண்ணெய் நிறத்துக்கு மஞ்சளிக்கும்.

இன்னொன்று. கார்டீனியா என்ற பெயருக்கும் தோட்டத்துக்குமான ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த அலெக்சாண்டர் கார்டன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவரின் நினைவாக, ஜோன் எலிஸ் என்பவர் 1761இல் இட்ட பெயர் அது. செடியோ சீனத்துப் பக்கத்துச் செடி. அந்த மருத்துவரின் ஊருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

ஒடித்துப் பார்த்தேன், பால் இல்லை. நேற்று விரிந்த பூ இன்று காலையில் நீங்கள் சொன்ன அதே வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கிறது. ஆகவே கன்றின் மேல் பிழை இல்லை. போத்தலைப் பற்றி யாரேனும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர் எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதிய மூன்று கட்டங்களையும் வாசித்தபோது, அந்தப் போத்தலின் சூத்திரத்தில் பாதியை என்னால் ஊகிக்க முடிந்தது. இரத்மலானைப் பக்கம் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடங்கள் வாசனைச் சேர்மானங்களை முகர்ந்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். உங்கள் போத்தல் போலி என்று சொல்ல முகாந்திரம் எதுவும் இல்லை. அதே வேளையில், அதற்குள் கார்டீனியாப் பூவிலிருந்து எடுத்த ஒரு துளியும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரோசாவைத் தண்ணீரோடு காய்ச்சி வடித்தால் எண்ணெய் கிடைக்கிறது. பெருமல்லிகைக்கு அந்தச் சூடு ஒத்துவராததால், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, முதலில் மெழுகு போன்ற ஒரு பொருளையும், பிறகு அதை அற்ககோலில் கழுவித் தூய சாரத்தையும் எடுக்கிறார்கள். அப்படி ஒரு கிலோ மல்லிகைச் சாரம் எடுக்க 600 கிலோவுக்கும் கூடுதலான பூ வேண்டும். ஆயினும் மல்லிகை ஏக்கர் கணக்கில் நிற்கிறது, நாள் தவறாமல் பூக்கிறது, பறித்த பின்னும் சில மணி நேரம் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் கணக்குச் சரிவருகிறது. கார்டீனியாவோ கை பட்டாலே கறுக்கிற பூ. ஒரு பற்றையில் ஒரு நாளைக்குக் கிடைப்பது எண்ணிப் பறிக்கும் அளவுதான். கிடைக்கும் சாரமும் மிகக் குறைவு. சிறிய அளவில் எடுப்பவர்கள் உண்டு என்றாலும், கடையில் விற்கும் சென்ற்றுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பெட்டியில் கார்டீனியா என்று எழுதியிருந்தால், வாசனைக் கலைஞர் ஒருவர் வேறு பொருட்களைக் கொண்டு வரைந்த கார்டீனியாவின் படம் என்று அதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1925இல் சனெல் நிறுவனத்துக்காக ஏர்னெஸ்ட் போ செய்த கார்டீனியாவும் அப்படி வரைந்ததுதான். இதே நிலையில் உள்ள இன்னொரு பூ ஐரோப்பாவின் மூகே. அதிலிருந்தும் பயன்படக்கூடிய எண்ணெய் வராது. ஆனாலும் 1956இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா அந்தப் பூவை மனதில் வைத்துச் செய்த டியோரிசிமோ என்ற சென்ற்றை இன்றும் மாணவர்கள் முகர்ந்து படிக்கிறார்கள்.

இப்போது உங்கள் மாங்காய்க் காம்புக்கு வருகிறேன். அது பெரும்பாலும் ஸ்டைரலைல் அசற்றேற் என்ற சேர்வை. கார்டீனியாப் பூவில் இயற்கையாகவே உள்ளது. ஆய்வுகூடத்தில் மலிவாகச் செய்துவிடலாம். தொழிலில் அதற்குக் கார்டினோல் என்று ஒரு வணிகப் பெயரே உண்டு. தனியாக முகர்ந்தால் புளிப்பும் கசப்பும் கலந்த ஒரு பச்சை மணம் மூக்கைக் கீறும். இந்த ஒன்றை மல்லிகை, நிலச்சம்பங்கி போன்ற வெள்ளைப்பூச் சேர்மானத்துக்குள் சிறிது விட்டாலே, முகர்பவரின் மனம் கார்டீனியா என்று சொல்லிவிடும். அவ்வளவு அடையாளம் கொண்டது. கூட்டிவிட்டால் அடையாளம் மட்டுமே எஞ்சி, பூ மறைந்துவிடும். மலிவான கார்டீனியாக்களின் பொதுக் குறை அதுதான்.

பீச் பழமும் தேங்காய்ப்பாலும் லக்டோன்கள் என்ற வகைச் சேர்வைகள். பீச் மணம் தரும் லக்டோனுக்குத் தொழிலில் அல்டிகைட்டு சி-14 என்றும், தேங்காய் மணம் தருவதற்கு அல்டிகைட்டு சி-18 என்றும் பெயர். அல்டிகைட்டு என்பது வேறொரு சேர்வை வகை; இரண்டுமே அல்டிகைட்டுகள் அல்ல. எப்போதோ இட்ட தவறான பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளைச் சோதிக்க நாங்கள் கேட்கும் முதற் கேள்வியும் இதுவே. இவை பாரமான மூலக்கூறுகள் என்பதால் தோலில் நீண்ட நேரம் தங்கும்; பச்சை மணம் பறந்துபோன பின் இவை மட்டும் நிற்பதால்தான் அரை மணி நேரத்தில் உங்களுக்கு இனிப்பு மிஞ்சுகிறது. கொழும்பின் வெக்கையில் இந்தப் பிரிவு இன்னும் விரைவாக நடக்கும். குளிர்நாட்டில் ஒரு மணி நேரம் எடுக்கும் மாற்றம் காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உங்களுக்குப் பிடித்த அந்தக் காளான் மணம்தான் மிகச் சுவையான பகுதி. சுவிற்சர்லாந்தில் ஜிவோடான் என்ற வாசனை நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்த ரோமன் கைசர் போன்றவர்கள், பூவைப் பறிக்காமலே அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை மெல்ல உறிஞ்சி, அதில் என்னென்ன சேர்வைகள் உள்ளன என்று பிரித்துப் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். கார்டீனியாவின் காற்றில் லினலூல், மல்லிகை லக்டோன் முதலானவற்றோடு திக்லேற் எனப்படும் எசுத்தர்களும் அகப்பட்டன. பச்சையும் காளானும் கலந்த அந்த ஈர மணத்தில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதாவது உங்கள் மூக்கு கண்டுபிடித்ததைக் கருவியும் கண்டுபிடித்திருக்கிறது. இருந்தும் பல கலைஞர்கள் அதைச் சேர்ப்பதில்லை, அல்லது பெயருக்குச் சேர்க்கிறார்கள். கடையில் மூன்று வினாடி முகர்ந்து முடிவெடுக்கும் வாடிக்கையாளருக்கு அது பழுதான மணமாகத் தோன்றிவிடும் என்ற அச்சமே காரணம். என் கருத்தில் அது கோழைத்தனம். காளான் இல்லாத கார்டீனியா வெறும் இனிப்புப் பண்டம்.

ஒரு சிறு எச்சரிக்கை. பெட்டியின் பின்புறத்தில் லினலூல், ஜெரனியோல் என்று எழுதியிருப்பதைக் கண்டு, உள்ளே இயற்கைப் பூ இருக்கிறது என்று முடிவுசெய்ய வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தோலில் தங்கும் பொருள்களில் 0.001 வீதத்துக்கு மேல் இருந்தால், ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய குறிப்பிட்ட சேர்வைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அவை பூவிலிருந்து வந்தனவா, இரசாயன உலையிலிருந்து வந்தனவா என்பதை அந்த வரி சொல்லாது.

புறக்கோட்டை அத்தர்காரர் எழுதியது:

வாப்பாவின் காலத்திலிருந்து எங்களுக்குப் புறக்கோட்டையில் அத்தர் வியாபாரம். மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் வரைந்த படம் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. படம் என்று சொல்லி விற்றால் பழுதில்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அசல் கார்டீனியா அத்தர் என்று யாரேனும் சிறு குப்பியை நீட்டினால், அந்தக் கடையில் மற்றப் பொருட்களையும் வாங்காமல் வருவது நல்லது.

அத்தர் என்பது முறைப்படி, வட இந்தியாவின் கன்னோஜில் செய்வது போல, செப்புப் பானையில் பூவையும் நீரையும் காய்ச்சி, வரும் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவது. ரோசா, மல்லிகை, வெட்டிவேர், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துத் தாழம்பூ ஆகியவை இவ்வாறு இறங்கும். கார்டீனியா இறங்கி நான் கண்டதில்லை. இன்று சந்தன எண்ணெயின் விலை ஏறியதால், மலிவான குப்பிகளில் சந்தனத்துக்குப் பதிலாக மணமற்ற கிளைக்கோல் திரவங்களே இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சகோதரிக்கு ஒரு யோசனை. கன்னோஜில் மண் அத்தர் என்று ஒன்று செய்கிறார்கள். சுட்ட களிமண் துண்டுகளை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்குவது. முதல் மழை விழுந்த நிலத்தின் மணம் அப்படியே இருக்கும். குச்சி நுனியால் தொட்டு அதை மணிக்கட்டில் வைத்து, சிறிது பொறுத்து, அதன்மேல் அக்கா தந்த சென்ற்றை ஒரே ஒரு முறை அடித்துப் பாருங்கள். இனிப்பின் கீழே ஒரு நிலம் கிடைக்கும். என் வாடிக்கையாளர் சிலர் மல்லிகைக்கு இப்படிச் செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர் எழுதியது:

யோசனை நல்லது, ஆனால் மண்ணின் மணமும் காளானின் மணமும் வேறு வேறு. மழை மண்ணின் மணத்துக்கு முக்கிய காரணம் ஜியோஸ்மின் என்ற சேர்வை, காளானுக்கு ஒக்டினோல் என்ற சேர்வை. மூக்குக்கு அவை அயலவர்கள். ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர். அசல் என்று சொல்லி விற்பதைப் பற்றிய உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. அதை நான் எழுதாமல் விட்டது என் பிழை.

தெஹிவளை அன்ரி எழுதியது:

பிள்ளை, வாங்கக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே எடுக்கலாம் என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லை. நான் பண்டாரவளையில் வளர்ந்தவள். எங்கள் வளவில் வேலி ஓரமாகக் கார்டீனியா நின்றது. இரவு குளிர்ந்தால்தான் அதற்கு மொட்டு நன்றாகக் கட்டும்; கொழும்பில் உங்கள் தொட்டி பூப்பதே உங்கள் அம்மாவின் கைராசி.

பசிபிக் சமுத்திரத்தின் தாகித்தித் தீவில் தியாரே என்று ஒரு பூ உண்டு. அதுவும் கார்டீனியா இனம்தான். அங்குள்ளவர்கள் அதைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மொனோய் என்ற எண்ணெய் செய்கிறார்கள். 1992இலிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது: ஒரு லீற்றர் எண்ணெய்க்குக் குறைந்தது பத்துப் பூ, குறைந்தது பத்து நாள் ஊறல். தேங்காயும் கார்டீனியாவும் நம்மிடமும் இருக்க, நாம் ஏன் செய்வதில்லை என்று நினைத்து நானே செய்து பார்த்தேன்.

முதன்முறை பழுதாகிவிட்டது. ஆட்டிய எண்ணெயை எடுத்தேன். அதன் கொப்பரை மணம் பூவை விழுங்கிவிட்டது. பூவையும் பறித்த கையோடு போட்டேன். அதன் ஈரத்தில் மூன்றாம் நாள் பூஞ்சணம் படர்ந்தது. இரண்டாம் முறை கடையில் வெள்ளைத் தேங்காயெண்ணெய் என்று விற்கும் மணமற்ற எண்ணெயை எடுத்து, விரிந்த அன்று மாலைப் பூவைக் காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, இரண்டு மணி நேரம் துணியில் பரப்பி வாடவிட்டு, பிறகு எண்ணெயில் முழுதாக அமிழ்த்தினேன். ஒவ்வொரு மாலையும் பழைய பூவை எடுத்துப் புதிய பூ இட வேண்டும். ஓர் இதழ்கூட மேலே மிதக்கக்கூடாது. போத்தலை வெயிலில் வைக்க வேண்டாம். எங்கள் பாட்டிமார் எல்லாவற்றையும் வெயிலில் வைப்பார்கள், ஆனால் இந்த மணத்துக்கு வெயில் ஆகாது.

பிரான்சில் கிராஸ் நகரத்தில் முன்னர் மிருகக் கொழுப்பைக் கண்ணாடித் தட்டில் பூசி, அதன்மேல் பூவை அடுக்கி, நாளுக்கு நாள் மாற்றி மணம் ஏற்றினார்கள். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும் என்பதால், பண்டாரவளையில் மார்கழி மாதத்தில் அதையும் செய்து பார்க்கலாம். கொழும்பில் குளிர்சாதனப் பெட்டியைத்தான் நம்ப வேண்டும். அதற்குள் மீன் இருந்தால் கொழுப்பு அந்த மணத்தையும் ஏற்றுக்கொள்ளும். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பூ ஓய்வதற்குள் அன்ரி சொன்னபடி செய்ய வேண்டியிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை.

ஒரு ஜாம் போத்தலில் 200 மில்லிலீற்றர் வெள்ளைத் தேங்காயெண்ணெய் எடுத்து, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று பூவாகப் பன்னிரண்டு நாள் மாற்றினேன். மொத்தம் இருபத்தொன்பது பூ. இடையில் இரண்டு நாள் பூ இல்லாமல் போயிற்று. வடித்த எண்ணெயில் முதலில் எனக்கு எதுவும் மணக்கவில்லை, ஏமாற்றத்தோடு மூடிவைத்துவிட்டேன். மறுநாள் கையில் பூசி, சமையலறை வேலை முடித்து வந்து உட்கார்ந்தபோதுதான் தோலின் சூட்டில் அது எழுந்தது. மெலிவானது, கையை மூக்கருகே கொண்டுபோனால் மட்டுமே தெரிவது; ஆனால் அந்தக் காளான் மணம் அதில் இருந்தது. மாங்காய்க் காம்பு இல்லை. ஐயா சொன்ன ஸ்டைரலைல் அசற்றேற் பூவிலும் உண்டு என்றால், எண்ணெயில் அது ஏன் எனக்குத் தெரியவில்லை என்று யோசிக்கிறேன். மற்றவற்றுக்குள் அடங்கி நிற்கிறதோ என்னவோ.

மண் அத்தரும் வாங்கிப் பார்த்தேன். அது மண்தான், காளான் இல்லை. ஐயா சொன்னது சரி. ஆனால் அத்தர்காரர் சொன்னபடி மணிக்கட்டில் அதைத் தொட்டு, மேலே அக்காவின் சென்ற்றை அடித்தபோது, இனிப்பு ஒரு படி பின்வாங்கியது. அடுத்தபடியாக மண் அத்தருக்குப் பதில் என் எண்ணெயைத் தடவி அதன்மேல் அடித்தேன். பச்சை மணம் போத்தலிலிருந்தும், ஈர மணம் எண்ணெயிலிருந்தும் வந்து ஒன்றாக நின்றன. கடைக்குட்டி மகன் அறைக்குள் வந்து, தொட்டிப் பூவை ஏன் பறித்தீர்கள் என்று கேட்டான். அன்று தொட்டியில் பூவே இல்லை.

அக்கா அடுத்த கிழமை தொலைபேசியில் கேட்டபோது, நாள் தவறாமல் பூசுகிறேன் என்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. எண்ணெயில் பாதியைச் சிறு குப்பியில் அடைத்து அவருக்கு அனுப்ப நினைக்கிறேன். ரொறன்ரோவின் குளிரில் அது உறைந்துதான் போய்ச் சேரும், கைச்சூட்டில் இளக்கிக்கொள்ளும்படி எழுதிவிடுவேன்.